வண்டி அணிந்திருந்தது எது? பழைய பிக்கப்பின் அலங்காரப் பட்டைகளைப் பற்றி ஒரு கேள்வி

கேள்வி: அண்ணா, வணக்கம். டெக்சாஸில் சான் அன்டோனியோவுக்கு வெளியே குடியிருக்கிறோம். பக்கத்துப் பண்ணையில் இருந்த பெரியவர் காலமான பிறகு, அவருடைய 1971 செவர்லே சி10 பிக்கப்பை அவர் மனைவியிடமிருந்து வாங்கினோம். வண்டி எண் சிஇ141 என்று தொடங்குகிறது. நீளமான பின்தொட்டி. இடையில் ஒரு முறை முழுப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். பக்கவாட்டில் எந்த அலங்காரமும் இல்லை. ஆனால் அவர் கொட்டகையில் ஒரு அட்டைப் பெட்டி கிடைத்தது. அதில் மர டிசைன் ஒட்டிய இரண்டு பட்டைகள், "சிஎஸ்டி/10" என்று ஒரு எம்பளம் (பெயர்ச் சின்னம்), பின்பக்கம் "சி9டிபி" என்று தொடங்கும் எண் போட்ட ஒரு குரோம் துண்டு, "67" என்று அச்சிட்ட ஒரு சிவப்பு விளக்கு மூடி (1967 வண்டியுடையது என்று நினைக்கிறேன்) எல்லாம் இருந்தன. வேறு மாநிலத்தில் ஒருவர் இதே மர டிசைன் பட்டைகளை "முழு செட், ஒரிஜினல், பிரிக்காத பெட்டி" என்று விற்கிறார். கேட்கும் விலை நாங்கள் வண்டிக்குக் கொடுத்ததில் பாதி. வாங்கலாமா? ஒரிஜினல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? படங்கள் அனுப்பியிருக்கிறேன்.

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் ஒன்று. அந்த ஆளுக்கு இன்னும் பணம் அனுப்பாதீர்கள். ஒரு வாரம் பொறுங்கள்.

ஒஹையோவில் 26 வருடமாக இந்த ஒரே வேலையைத்தான் செய்கிறேன். பழைய பிக்கப்புகளின் வெளி அலங்காரம்: மோல்டிங் என்கிற பக்கவாட்டுப் பட்டை, எம்பளம், முகப்பில் உள்ள கிரில், விளக்கு வளையம். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பொருளை வாங்கிவிட்டுத்தான் "இது என் வண்டிக்கு உண்டா?" என்று கேட்பார்கள். நீங்கள் வாங்குவதற்கு முன்பே கேட்டிருக்கிறீர்கள். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்திருக்கிறீர்கள், டாஷ்போர்டில் உள்ள குளோவ் பாக்ஸ் என்ற சின்னப் பெட்டியின் கதவின் உள்பக்கம் உட்பட. அந்த ஒரு படத்துக்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

வண்டி எண்ணிலிருந்து தொடங்குவோம். சி என்றால் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி. நான்கு சக்கரமும் இழுத்தால் அங்கே கே இருக்கும். இ என்பது வி8 எஞ்சின், ஆறு சிலிண்டராக இருந்தால் எஸ். அடுத்த 1 அரை டன், 4 பிக்கப், கடைசி 1 என்பது 1971. எல்லாம் நீங்கள் சொன்னதோடு பொருந்துகிறது. ஆனால் வண்டி எந்த அலங்கார நிலையில் தொழிற்சாலையை விட்டு வந்தது என்பதை இந்த எண் சொல்லவே சொல்லாது. இது தெரியாமல் "எண் சரியாக இருக்கிறது, அதனால் இது உயர்ந்த மாடல்" என்று விற்பவர்களும் உண்டு, அதை நம்பி வாங்குபவர்களும் உண்டு.

அதைச் சொல்வது குளோவ் பாக்ஸ் கதவில் ஒட்டியிருக்கும் அந்த மங்கிய காகிதம். உதிரிபாகம் தேடுகிறவர்களுக்காகத் தொழிற்சாலையே ஒட்டிய பட்டியல் அது. அந்த வண்டியில் தனியாகக் கேட்டுப் போட்ட ஒவ்வொன்றும் குறியீட்டு எண்ணோடு அதில் இருக்கும். உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான்காவது வரியில் "இசட்84" தெரிகிறது. 1967 முதல் 1970 வரை அந்தக் குறியீட்டுக்கு சிஎஸ்டி, அதாவது கஸ்டம் ஸ்போர்ட் டிரக் என்று பொருள். 1971-ல் அதே இடத்துக்கு "ஷையான்" என்ற பெயர் வந்தது. ஆக, வயல் வேலைக்கு என்று வாங்கிய மொட்டை வண்டி இல்லை இது. அந்தப் பெரியவர் கொஞ்சம் ஆசைப்பட்டுத்தான் வாங்கியிருக்கிறார்.

ஒரே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். குளோவ் பாக்ஸ் கதவை வேறு வண்டியிலிருந்து கழற்றி மாட்டுவது ஐந்து நிமிட வேலை. அந்தக் காகிதத்திலேயே வண்டி எண்ணும் அச்சாகியிருக்கும். ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் உள்ள தகட்டு எண்ணோடு அதை ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அந்தக் காகிதத்தை முழுதாக நம்பலாம். மேலே வார்னிஷ் எதுவும் பூசிவிடாதீர்கள். நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

அடுத்தது ஓட்டைகள். மோல்டிங்கும் எம்பளமும் தகரத்தில் சும்மா ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. கிளிப்புக்கும் ஆணிக்கும் தொழிற்சாலையிலேயே ஓட்டை போடுவார்கள். தகரத்தை அச்சில் குத்திப் போட்ட அந்த ஓட்டை வட்டம் மாறாமல் இருக்கும், விளிம்பில் அடிப்பூச்சும் பெயிண்டும் ஏறியிருக்கும். பின்னாளில் டிரில் வைத்துப் போட்டதென்றால் உள்பக்கம் பிசிறு நிற்கும், விளிம்பில் துரு பிடித்திருக்கும், இடைவெளி ஒரு சீராக இராது. உங்கள் வண்டியில் வெளியே எல்லாவற்றையும் பட்டி வைத்து மூடிப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். அதனால் உள்ளேதான் பார்க்க வேண்டும். டார்ச்சை எடுத்துக்கொண்டு முன் ஃபெண்டரின் (முன்சக்கரத்தை மூடும் பக்கத் தகரத்தின்) உள்பக்கத்தையும், கதவின் உள்பலகையைக் கழற்றிக் கதவுத் தகரத்தின் உள்பக்கத்தையும் பாருங்கள். மூடிய ஓட்டைகள் வரிசையாகச் சின்னச் சின்னப் பொட்டுகளாகத் தெரியும்.

வலது ஃபெண்டரின் உள்பக்கப் படத்தில் அந்தப் பொட்டுகள் எனக்கே தெரிகின்றன. கீழ்வரிசை மட்டும் இருக்கிறது, மேல்வரிசை இல்லை. இடது ஃபெண்டரில் ஒன்றுமே இல்லை, உள்தகரம் மொழுமொழுவென்று இருக்கிறது. எங்கோ இடித்து அந்த ஃபெண்டரை மாற்றியிருக்கிறார்கள். வந்த ஃபெண்டர் சாதாரண வண்டியுடையது, ஓட்டை இல்லாதது. மோல்டிங்கை ஏன் கழற்றினார்கள் என்பதற்கும் எனக்கு இதுதான் காரணமாகப் படுகிறது. ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லாவிட்டால் அசிங்கமாக இருக்கும் என்று டிங்கர் வேலை செய்தவர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பட்டி பார்த்திருப்பார். அந்த இடது ஃபெண்டரில் பக்க விளக்குக்கான திறப்பு இருக்கிறதல்லவா? அது 1968-க்கு முந்தைய ஃபெண்டர் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. பக்க விளக்கு அல்லது பிரதிபலிப்பான் இருந்தாக வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் 1968-லிருந்துதான் சொன்னது. 1967 வண்டிக்கு அந்தத் திறப்பே கிடையாது.

இந்தப் பட்டைகள் அரிதாகிப்போனதற்கும் இதே கதைதான் காரணம். செவர்லே அந்த வருடங்களில் பிக்கப்புகளை லட்சக்கணக்கில் செய்தது, வண்டிக்குப் பஞ்சமில்லை. 1955 முதல் 1958 வரை வந்த கேமியோ கேரியர் என்ற செவர்லே பிக்கப்பை எடுத்துக்கொண்டால், அது பிறவியிலேயே அரிது. முதல் வருடத்தில் 5,220, நான்கு வருடமும் சேர்த்துப் பத்தாயிரத்துச் சொச்சம்தான் செய்தார்கள். அதன் பின்தொட்டியின் வெளிப்பக்கம் ஃபைபர் கிளாஸ். அந்த வண்டிக்கே உரிய துண்டுகள் வேறு எதிலும் வராது. உங்கள் ஷையானின் மோல்டிங் அந்த மாதிரி அரிது இல்லை. மெல்லிய அலுமினியம், ஒரு மாடு உரசினால் வளையும். ஒவ்வொரு முறை பெயிண்ட் அடிக்கும்போதும் கழற்றுவார்கள், கழற்றும்போது நெளியும், நெளிந்ததைக் குப்பையில் போடுவார்கள். ஐம்பது வருடம் இப்படியே போனால் எவ்வளவு மிஞ்சும்? நெளியாத, மர டிசைன் வெளுக்காத, நீளம் குறையாத பட்டையைப் பார்த்தால் எனக்கு இன்றும் கை நிற்பதில்லை, எடுத்துத் தடவிப் பார்ப்பேன்.

சரி, உங்கள் பெட்டிக்கு வருகிறேன்.

சிஎஸ்டி எம்பளம் உங்கள் வண்டியுடையது இல்லை. 1971-ல் பிக்கப்புகளில் அந்தப் பெயர் போய்விட்டது. பெரியவர் யாரிடமோ வாங்கி வைத்திருக்கலாம், அல்லது அவரிடம் முன்பு ஒரு 1969, 1970 வண்டி இருந்திருக்கலாம். அவர் மனைவியிடம் கேட்டுப் பாருங்கள், அந்தக் காலத்துப் புகைப்படம் ஏதாவது இருந்தாலும் கேளுங்கள். வண்டியின் பக்கவாட்டு தெரிகிற ஒரு குடும்பப் படம் கிடைத்தால், நான் எழுதுகிற பத்துப் பக்கத்தைவிட அது மேல்.

சி9டிபி துண்டு செவர்லேயே இல்லை, ஃபோர்டு. ஃபோர்டுக்காரர்கள் பாகத்தின் எண்ணிலேயே ஜாதகம் எழுதி வைத்திருப்பார்கள். சி என்றால் 1960-கள், 9 என்றால் 1969, டி என்றால் டிரக், பி என்றால் பாடி பிரிவில் வடிவமைத்தது. அந்த பி இருக்கும் நான்காவது இடத்தில் இசட் இருந்தால் அது உதிரிபாகக் கடைக்கென்று வந்த எண். இதில் பலர் ஒரு தப்புச் செய்வார்கள். 1969 என்பது அந்தத் துண்டை வடிவமைத்த வருடம். அதே துண்டு 1970, 1971 வண்டியிலும் போயிருக்கலாம். ஆகவே "1969-க்கு மட்டும் உரியது" என்று சொல்லி விற்காதீர்கள். 1967 முதல் 1972 வரையிலான ஃபோர்டு எஃப்100 வைத்திருப்பவர் யாராவது ஆசையாக எடுத்துக்கொள்வார், அவரிடம் செவர்லே துண்டு ஏதாவது இருந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

விளக்கு மூடியில் "கைட்" என்று அச்சு விழுந்திருப்பது நல்ல அடையாளம். செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸுக்கு இண்டியானாவில் ஆண்டர்சன் ஊரில் இருந்த விளக்குப் பிரிவு அது. ஆனால் பக்கத்தில் உள்ள 67-ஐப் பார்த்து இது 1967 வண்டியின் மூடி என்று நினைத்திருக்கிறீர்கள், அது அப்படி இல்லை. "எஸ்ஏஇ ஏஐஎஸ்டி 67" என்று வரும் அந்த வரியில் எஸ்ஏஇ என்பது தர விதிகளை எழுதும் வாகனப் பொறியாளர் சங்கம், ஏ பிரதிபலிப்பான், ஐ திரும்பும் சைகை, எஸ் பிரேக், டி பின்விளக்கு. 67 என்பது எந்த வருடத்துத் தர விதிப்படி சோதித்தார்கள் என்பது. அதே 67 பிந்தைய வருடத்து வண்டியிலும் இருக்கும். உங்கள் வண்டியின் இப்போதைய மூடிக்குப் பக்கத்தில் வைத்து வடிவத்தை ஒப்பிடுங்கள்.

இப்போது அந்த இரண்டு மர டிசைன் பட்டைகள். பெட்டியிலேயே விலை மதிப்புள்ளவை இவைதான். திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். முகத்தை யார் வேண்டுமானாலும் மினுக்கிவிடலாம், பின்பக்கத்தை யாரும் தொடுவதில்லை. பள்ளத்தில் பழைய கிளிப் மாட்டியிருந்த உரசல் தடம், ஐம்பது வருடத்துப் புழுதி, ஓரத்தில் சிதறிய பெயிண்ட் துளி எல்லாம் அங்கேதான் இருக்கும். அந்தத் துளியின் நிறமும், கதவுச் சட்டத்தின் மூலையில் மறுபெயிண்ட் எட்டாமல் மிஞ்சியிருக்கிற பழைய நிறமும் ஒன்றாக இருந்தால், அவை இந்த வண்டியிலிருந்தே கழற்றியவை என்று நான் தயங்காமல் சொல்வேன். பிறகு வலது ஃபெண்டரின் மூடிய பொட்டுகளுக்கு இடையில் டேப் வைத்து அளந்து, பட்டையின் கிளிப் தடங்களோடு ஒப்பிடுங்கள்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஃபெண்டருக்கும் கதவுக்கும் உள்ள மோல்டிங் நீள வண்டிக்கும் குட்டை வண்டிக்கும் ஒன்றேதான். பின்தொட்டிக்கு உள்ளதுதான் மாறும். நீளத் தொட்டி 8 அடி, குட்டை ஆறரை அடி. சக்கரங்களுக்கு இடையிலான தூரமும் 127 அங்குலம், 115 அங்குலம் என்று வேறு. உங்களிடம் இருப்பவை தொட்டிப் பட்டைகள் என்றால், தேட வேண்டிய கடினமான பகுதி ஏற்கெனவே கையில் இருக்கிறது. மீதியைத் தனித்தனியாகப் பொறுமையாகச் சேர்த்துக்கொள்ளலாம், முழு செட் வாங்கவே வேண்டாம்.

அந்த விற்பனைக்காரரிடம் கேட்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு துண்டின் பின்பக்கமும், இரண்டு முனைகளும், பக்கத்தில் அளவு டேப்போடு படம் கேளுங்கள். முனை ரொம்ப முக்கியம். நீளத் தொட்டிப் பட்டையை வெட்டிக் குட்டை வண்டிக்கு என்று விற்பது இந்தத் தொழிலில் நடக்கிறது, வெட்டிய துண்டே கைமாறிக் கைமாறி உங்களிடம் வந்து சேரவும் வாய்ப்புண்டு. தொழிற்சாலை முனை மடித்து முடித்திருக்கும். ரம்பம் பட்ட முனையில் கோடு தெரியும், அந்த இடத்தில் அலுமினியம் மட்டும் புதிதாக வெள்ளையடித்தது போல் இருக்கும். மர டிசைன் படலம் முனைவரை ஒழுங்காகப் போகிறதா, பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெட்டியை நம்ப வேண்டாம். காலிப் பெட்டியே தனியாக விலைக்குக் கிடைக்கிறது. பெட்டியில் உள்ள எண்ணும் துண்டின் முதுகில் உள்ள எண்ணும் வேறாக இருந்தால் மட்டும் பயந்துவிடாதீர்கள். அச்சு எண்ணும் பட்டியல் எண்ணும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பெட்டியின் எண்ணை 1971-ன் பாகப் பட்டியலில் தேடி, அது நீளத் தொட்டியா குட்டையா, இடமா வலமா என்று உறுதிசெய்யுங்கள். அதேபோல் "ஜிஎம்" முத்திரை இருப்பதாலேயே பழையது என்று ஆகாது. உரிமம் பெற்றுப் புதிதாகச் செய்கிற மறுபதிப்புப் பாகங்களிலும் அந்த முத்திரை முறைப்படியே வரும். மறுபதிப்பில் தப்பொன்றும் இல்லை, நான் பல வண்டிகளுக்குப் போட்டிருக்கிறேன். மறுபதிப்பை ஒரிஜினல் விலைக்கு வாங்குவதுதான் வேண்டாம் என்கிறேன்.

காந்தத்தைப் பற்றியும் பலர் தப்பாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். "காந்தம் ஒட்டினால் போலி" என்பார்கள். அந்தக் காலத்து வண்டிகளின் எவர்சில்வர் பட்டைகளில் பல, காந்தம் ஒட்டுகிற வகை எவர்சில்வர்தான். வீட்டிலேயே சில பாத்திரத்தில் ஒட்டும், சிலதில் ஒட்டாது, பார்த்திருப்பீர்கள். உங்கள் மர டிசைன் பட்டை அலுமினியம், அதில் ஒட்டக் கூடாது. எம்பளங்கள் பெரும்பாலும் துத்தநாக வார்ப்பில் குரோம் முலாம் போட்டவை, அவற்றிலும் ஒட்டாது. எம்பளத்துக்குக் காந்தத்தைவிடக் கை நல்ல தராசு. துத்தநாகம் அலுமினியத்தைப் போல் இரண்டரை மடங்கு கனம், பிளாஸ்டிக்கைப் போல் ஆறு மடங்கு. கையில் வைத்த உடனே தெரிந்துவிடும்.

சுத்தம் செய்வது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இதைச் சொல்லாமல் விட மனசில்லை. நான் பார்த்த ஒரிஜினல்களில் அதிகம் பாழானது பண்ணையில் இல்லை, வாங்கியவரின் வீட்டில்தான். ஆரம்ப வருடங்களில் நானும் ஒரு அலுமினியப் பட்டையை மெருகேற்றும் பஃபிங் சக்கரத்தில் வைத்தேன். அதன் மேலே அனோடைஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத கெட்டிப் படலம் இருந்ததை அறியவில்லை. திட்டுத் திட்டாகப் போய்விட்டது, திரும்பச் சரிசெய்ய முடியவில்லை. அடுப்புக் கறை நீக்கும் திரவமும் அந்தப் படலத்தைத் தின்றுவிடும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நார், உப்புத்தாள் இரண்டும் பக்கத்திலேயே வரக் கூடாது. மிதமான சோப்புத் தண்ணீர், மெத்தென்ற துணி, பழைய பல் துலக்கும் பிரஷ், அவ்வளவுதான். எம்பளத்தில் புள்ளிப் புள்ளியாகக் குழி விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு முறை ஒரு வாடிக்கையாளரின் எம்பளத்தை முலாம் பட்டறை ஒன்றுக்கு அனுப்பினேன். குழியை எடுக்க அவர்கள் தேய்த்த தேய்ப்பில் எழுத்தின் விளிம்பு மழுங்கி, சோப்பில் செதுக்கியது மாதிரி வந்தது. பளபளப்பு கண்ணைப் பறித்தது, எழுத்தைத்தான் காணவில்லை. அந்த வாடிக்கையாளரின் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

குரோம் என்றால் எல்லாருக்கும் ஆசை. 1952, 1953 செவர்லே பிக்கப் வைத்திருக்கிறவர்கள்கூட குரோம் கிரில் கேட்டு வருவார்கள். கொரியப் போரில் நிக்கலுக்குத் தட்டுப்பாடு வந்து, அந்த வண்டிகள் பெயிண்ட் அடித்த கிரில்லோடுதான் தொழிற்சாலையை விட்டு வந்தன. அந்தப் பெயிண்ட் கிரில்தான் அந்த வருடத்தின் சரியான முகம். உங்கள் வண்டியிலும் இதே கணக்கு. மேல்வரிசை ஓட்டை இல்லாத வண்டிக்கு மேல்வரிசை மோல்டிங் வேண்டாம், அந்த ஆள் முழு செட்டில் எவ்வளவு மலிவாகச் சேர்த்துக் கொடுத்தாலும்.

ஆக, வாங்கலாமா என்ற கேள்விக்கு என் பதில்: முழு செட்டாக, அந்த விலைக்கு, வேண்டாம். முதலில் உங்கள் இரண்டு பட்டைகளும் எங்கே உட்காருகின்றன என்று அளந்து பாருங்கள். தகரத்தில் ஓட்டை எங்கெங்கே வர வேண்டும் என்பது தொழிற்சாலையின் அசெம்பிளி கையேட்டில் அளவோடு இருக்கும், அதன் மறுபதிப்பு விலைக்குக் கிடைக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் ஹெரிடேஜ் பிரிவு வருடவாரியாகத் தரும் வண்டி விவரத் தொகுப்பையும் இறக்கிப் படித்துவிடுங்கள். அதற்குப் பிறகு குறைவது எது என்று தெரியும், அந்தத் துண்டை மட்டும் அவர் தனியாகக் கொடுப்பாரா என்று கேளுங்கள். இடது ஃபெண்டரில் ஓட்டை போட வேண்டிய நாள் வரும்போது, வலதுபக்க அளவை ஒரு அட்டையில் வெட்டி, அதைத் திருப்பி வைத்துக் குறியிடச் சொல்லுங்கள். டிரில்லைக் கையில் எடுப்பதற்கு முன் அந்தக் குறிகளைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்